200 ஆம்ப் வெல்டிங் மெஷின் வீட்டுக்குத் தேவையா?

கம்ப்யூட்டர் இதழில் வெல்டிங் மெஷினுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினும், உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் ஒரே குடும்பம். இரண்டுமே 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக்கி, விநாடிக்குப் பல ஆயிரம் முறை ஆன்-ஆஃப் செய்து, சிறிய டிரான்ஸ்பார்மர் வழியாகக் குறைந்த வோல்டேஜில் தருகின்றன. பட்டறையில் இரண்டு பேர் தூக்கிய மெஷின் இன்று தோளில் மாட்டும் அளவுக்குச் சுருங்கியது இதனால்தான்.

நான் சாப்ட்வேர் எஞ்சினியர். எந்த கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று கேட்கும் தஞ்சாவூர்ப் பக்கத்து உறவினர்கள் இப்போது இதையும் கேட்கிறார்கள். கேட் கீல், ஜன்னல் கிரில், மாட்டுக்கொட்டகை ஆங்கிள் என்று வேலைக்குக் குறைவில்லை. சின்ன வேலைக்குப் பட்டறைக்காரர் வீடு தேடி வருவதும் அரிது. வாங்கலாம். ஆனால் பெட்டியில் 200 ஆம்ப் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள் என்பதே என் கருத்து.

ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பெட்டியில் 1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று அச்சிட்டு விற்றார்கள் அல்லவா? இதுவும் பல நேரங்களில் அப்படித்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ஆம்ப் வைத்து வெல்டிங் செய்தால் ஆர்க் வோல்டேஜ் சுமார் 24. அதாவது 2,400 வாட்ஸ். மெஷினில் ஏற்படும் இழப்பையும் பவர் ஃபேக்டரையும் சேர்த்தால், சுவரில் உள்ள பிளக்கிலிருந்து 18 ஆம்ப் வரை இழுக்கும். வீட்டில் இருக்கும் பெரிய சாக்கெட்டின் அளவே 16 ஆம்ப்தான். உண்மையாகவே 200 ஆம்ப் எடுத்தால் 40 ஆம்பைத் தாண்டும். சாதாரண வீட்டு வயரிங் அதைத் தாங்காது.

கிரில், கேட் வேலைக்கு 2.5 மி.மீ. வெல்டிங் ராடு போதும். அதற்கு 60 முதல் 90 ஆம்ப் வைத்தால் சரி. எனவே கடைக்காரரிடம் முதலில் டியூட்டி சைக்கிளைக் கேளுங்கள். 60 சதவீதம் என்றால் 10 நிமிடத்தில் 6 நிமிடம் வேலை, 4 நிமிடம் ஓய்வு என்று பொருள். அது எத்தனை ஆம்பியரில் என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாத மெஷின் வேண்டாம்.

மிச்சமாகும் பணத்தில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்து, எம்.சி.பி.யுடன் தனி லைன் போடுங்கள். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் இதைச் செருகவே கூடாது, 600 வி.ஏ. யு.பி.எஸ். இதைத் தாங்காது. வெல்டிங் நடக்கும்போது கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வயலில் பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில் வெல்டிங் செய்வதும் தவறு. 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் அபராதக் கட்டணம் வரும்.

இன்னும் இரண்டு எதிர்பார்ப்புகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். புயலுக்கு உதவும் என்று வாங்காதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா வீசியபோது டெல்டாவில் பல கிராமங்கள் பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. வெல்டிங்குக்கு 5 கே.வி.ஏ. அளவிலான ஜெனரேட்டராவது வேண்டும். அடுத்து, சாதாரண ராடால் இரும்பைத்தான் ஒட்டலாம். நாச்சியார்கோவில் பித்தளைக் குத்துவிளக்கு உடைந்தால் அதைச் செய்யத் தெரிந்தவரிடமே கொடுங்கள்.

கூலிங் கிளாஸ் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆர்க் வெளிச்சம் பட்ட கண் சில மணி நேரம் கழித்துத்தான் மணல் விழுந்ததுபோல் உறுத்தத் தொடங்கும். 10ஆம் நம்பர் கண்ணாடி வைத்த முகமூடி, தோல் கையுறை, முழுக்கைச் சட்டை மூன்றும் அவசியம். குழந்தைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள். அறுவடை முடிந்து வைக்கோல்போர் போட்டிருக்கும் இடத்திலும், கீற்றுக் கொட்டகையிலும் ஒரு பொறி போதும். டீசல் இருந்த டிரம், காலியாக இருந்தாலும், அதைத் தொடாதீர்கள். ஜி.ஐ. பைப்பில் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள்.

கடைசியாக, ஒரு வருடத்தில் உங்கள் வீட்டில் எத்தனை வெல்டிங் வேலை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். மாதம் ஒன்று என்றால் மெஷின், முகமூடி, தனி லைன் மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். வருடத்துக்கு இரண்டுதான் என்றால் பட்டறைக்குப் போவதே லாபம்.