“சொன்னோம், கேட்கவில்லை”

மலையகத்தில் மண் சரியும்போதெல்லாம் அம்மண்ணோடு சேர்ந்து மக்கள்மீது சரிகின்ற வாக்கியம் ஒன்றுண்டு. “நாம் முன்னரே சொன்னோம், அவர்கள்தாம் கேட்கவில்லை” என்பதே அது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லந்தையை அடுத்துள்ள மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுள் புதையுண்டன. அவ்விடம் அபாயமானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது என அதிகாரிகள் எடுத்துரைத்தனர். பதினொரு ஆண்டுகளின் பின், 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களை இந்நாட்டிற் குடித்தபோது, பதுளை மாவட்டம் மிகக் கொடிய இழப்புகளைச் சந்தித்த மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. எச்சரிக்கை விடுக்கப்பட்டதா, இல்லையா என்ற வாதம் மீண்டும் எழுந்தது.

அவ்வாதமே தவறான இடத்தில் நிற்கின்றது என்பது எமது கருத்து. எச்சரிக்கை விடுக்கப்பட்டதா என்பதன்று வினா. அதனைக் கேட்பதற்கு எவர் பதியப்பட்டிருந்தார் என்பதே வினா. இவ்வேறுபாட்டை மிகத் தெளிவாக உணர்த்துவது, கலைப்பீடத்தினர் பெரும்பாலும் எட்டிப்பாராத கணினித்துறை. எனவே வாசகர் சிறிது பொறுமையுடன் அத்துறையின் ஓர் எளிய விடயத்தைக் கேட்க வேண்டுகின்றோம்.

இணையச் செயலிகளை ஆக்குவோர் ஒவ்வொன்றையும் அடியிலிருந்து எழுதுவதில்லை. லாரவெல், சிம்ஃபொனி முதலிய ஆயத்தச் சட்டகங்களின்மீதும், நோட் போன்ற இயக்குதளங்களின்மீதுமே எழுப்புகின்றனர். இவை யாவற்றிலும் ‘நிகழ்வு’ என்றொரு ஏற்பாடு உண்டு. நூலகம் ஒன்றின் இணையத்தளத்தில் புதிய அங்கத்தவர் ஒருவர் சேர்கின்றார் எனக் கொள்வோம். “அங்கத்தவர் சேர்ந்தார்” என்ற நிகழ்வைச் செயலி அறிவிக்கும். அதனைக் கேட்டு ஒரு பகுதி அவருக்குக் கடிதம் அனுப்பும். இன்னொரு பகுதி அட்டை அச்சிடும். இவ்வாறு கேட்டுச் செயற்படும் பகுதியை ஆங்கிலத்தில் ‘லிசினர்’ என்பர். நாம் ‘கேட்குநர்’ என்போம். அறிவிக்கும் பகுதிக்குத் தன்னைக் கேட்பவர் யார் என்பது தெரியாது. தெரிந்து வைத்திருப்பது ஒரு பட்டியல். இன்ன நிகழ்வுக்கு இன்ன கேட்குநர் என முன்கூட்டியே அதிற் பதிந்திருத்தல் வேண்டும்.

இப்பதிவு பற்றிய சில விதிகள் நமது விவாதத்திற்கு இன்றியமையாதவை. முதலாவது, கேட்குநர் எவரும் பதியப்படாத நிகழ்வை அறிவித்தால் பிழை எதுவும் தோன்றாது. செயலி ஒன்றும் நடவாதது போலத் தன் வழியே செல்லும். இரண்டாவது, நிகழ்வு அறிவிக்கப்பட்ட பின்னர் பதியப்படும் கேட்குநருக்கு முன்னைய அறிவிப்புக் கிட்டாது. மூன்றாவது, அறிவிக்கும் பெயரும் பதிந்த பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருத்தல் வேண்டும். ஓரெழுத்து வேறுபடினும் கேட்குநர் அழைக்கப்படார். நான்காவது, வரிசையில் முன்னிற்கும் கேட்குநர் விரும்பினால் அறிவிப்பைப் பின்னிற்போருக்குச் செல்லவிடாது தடுத்துவிடலாம். ஐந்தாவது, பட்டியலிற் பதியப்படுவது வெறுங் காதன்று. கேட்டவுடன் நிகழவேண்டிய செயலே பதியப்படுகின்றது. செயலற்ற கேட்குநரைப் பதிதல் வெற்றுத்தாளில் ஒப்பமிடுதலுக்கு நிகர்.

இவ்விதிகளைக் கையிற் கொண்டு ஊவாவின் மலைகளுக்கு வருவோம்.

மழையை அளந்து மண்சரிவை எதிர்வுகூறும் முறை நம் நாட்டில் இல்லாமலில்லை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் ஆயத்தம், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால் வெளியேற்றம் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகிய படிகளை வகுத்துள்ளது. சுனாமிப் பேரழிவின் பின் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும், அதன் வழிவந்த நிலையமும் உள்ளன. நிகழ்வு அறிவிக்கப்படுகின்றது என்பதில் ஐயமில்லை. அறிவித்தவரின் ஏட்டிற் பிழை எதுவும் பதிவாகாது என்பதிலும் ஐயமில்லை. கேட்குநரற்ற நிகழ்வின் இயல்பே அதுவன்றோ!

கேட்குநர் ஏன் இல்லாது போயினர்? பதிவென்ற சொல்லுக்கும் மலையகத் தமிழனுக்கும் உள்ள பகை நெடியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை நாட்டின் பட்டியலிலிருந்து வெளியே நிறுத்திற்று. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகையாகப் பங்கிட்டது. எஞ்சியோரின் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. உள்ளூராட்சியின் கதையும் இதுவே. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட இடந்தராத வகையில் அமைந்திருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல். மீரியபெத்தை புதையுண்ட 2014இல் அவ்வேலி நீங்கியிருக்கவில்லை. பிந்திப் பதியப்பட்டவருக்கு முந்திய அறிவிப்புக் கிட்டாது என்ற விதியின் பொருள் இங்கே இரத்தத்தால் எழுதப்பட்டுள்ளது. அனர்த்தத்தின் முதல் நாட்களில் காணாமற் போனோர் ஏறத்தாழ இருநூறு என்றனர். பின்னர் அத்தொகை நாற்பதுக்குள் அடங்கிற்று. இறந்தோர் குறைந்தமை ஆறுதலே. ஆயினும் ஒரு லயத்தொகுதியில் அன்று காலை எத்தனை பேர் இருந்தனர் என்பதை உடனடியாகக் கூறவல்ல பட்டியல் எவர் கையிலும் இருக்கவில்லை என்ற உண்மையை அக்குழப்பமே பறைசாற்றிற்று.

அடுத்தது மொழி. அரசியலமைப்பின் 16ஆந் திருத்தம் 1988இல் வந்தது. ஹல்துமுல்லை, பண்டாரவளை, அப்புத்தளை உள்ளிட்ட பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளென 1999இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. அங்ஙனமிருந்தும் 2025இன் புயல்நாட்களில் தமிழ் அறிவித்தல்கள் குறைவாகவும் பிந்தியும் வந்தன என்ற கண்டனம் பரவலாக எழுந்தது. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரும் செய்தி பசறையிலும் லுணுகலையிலும் லயக்காம்பறாவில் இருக்கும் தாய்க்கு வேறு பெயரால் அறிவிக்கப்பட்ட நிகழ்வேயாகும். அவள் பெயர் அழைக்கப்படவில்லை. அழைக்கப்படாதவளைக் கேட்கவில்லை என்று குற்றஞ்சாட்டுவது எந்த நீதி?

இடையில் நிற்போரையும் இங்கு மறத்தலாகாது. தோட்டத்துக்கு வரும் செய்தி பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் வாயில் வழியே லயத்தை அடைகின்றது. முன்னிற்கும் கேட்குநர் அறிவிப்பைத் தடுத்துவிடலாம் என்றோம். தீய எண்ணத்தால் தடுக்க வேண்டுமென்பதில்லை. அன்றைய கொழுந்தின் நிறையே நினைவில் நிற்கும் ஓர் அலுவலகத்துக்கு, மேலிருந்து வந்த கடிதத்தைக் கோவையில் இடுவதே போதுமான தடையாகும்.

தோட்டத்து மக்களுக்குச் செய்தி சேர்ப்பது கடினம் என்பாருக்கு ஒரு விடை உண்டு. ஒன்றரை நூற்றாண்டாக அங்கே மிகத் திறமையான அறிவித்தல் முறை ஒன்று இயங்கி வந்திருக்கின்றது. விடியற்காலையில் தப்படித்தும் கொம்பூதியும் ஆட்களைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தனர். ஒவ்வொரு பெயரும் செக்ரோலிற் பதியப்பட்டிருந்தது. வராதவரைத் தேடிக் கங்காணி லயத்து வாசலுக்கே சென்றார். கேட்குநர் யார், கேட்டாரா, கேட்டதும் என்ன செய்தார் என்ற மூன்றும் அன்றாடம் கணக்கில் ஏறின. வேலைக்கு அழைப்பதில் ஒருவரையும் தவறவிடாத முறை, உயிர்காக்க அழைக்கும்போது மட்டும் ஆளடையாளம் தெரியாது தடுமாறுகின்றது. இது இயலாமையன்று, முன்னுரிமை.

“எச்சரித்தாலும் அவர்கள் எழுந்து போவதில்லையே” என்பது இறுதியாக எஞ்சும் வாதம். எங்கே போவது? லயம் தொழிலாளிக்குச் சொந்தமன்று. நிலம் அரசினது, 1992 முதல் அதன் முகாமை கம்பனிகளிடம். இருப்பிடமும் வேலையும் ஒரே கயிற்றாற் கட்டப்பட்டவனிடம் “வெளியேறு” என்று மட்டும் சொல்வது, செயலற்ற கேட்குநரைப் பதிவதாகும். மீரியபெத்தையில் உயிர் தப்பியோர்க்கு 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல். மண் சரிந்த பின்னர் கிடைத்த நிலம், சரியுமுன் கிடைத்திருக்கலாகாதா? 2005இலிருந்து 2014 வரை ஒன்பதாண்டுகள் இருந்தனவே! “கைத்தொலைபேசி எல்லாரிடமும் உண்டு” என்பாரும் உளர். 2025இல் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒருங்கே அறுந்து மலைகள் தனித்து நின்றதை அவர்கள் அதற்குள் மறந்தனர் போலும்.

கணினித்துறையில் இன்னும் இரு ஏற்பாடுகள் உள்ளன. அவை நமக்குப் பாடமாகத்தக்கவை. நோட் இயக்குதளத்தில் ஏனைய நிகழ்வுகள் கேட்பாரின்றிப் போனால் அது பொருட்படுத்துவதில்லை. ஆனால் ‘எரர்’, அதாவது பிழை, என்ற நிகழ்வு மட்டும் விலக்கு. பிழை அறிவிக்கப்பட்டு, அதைக் கேட்க எவரும் பதியப்படாதிருப்பின், அச்செயலி முழுவதும் அங்கேயே நிறுத்தப்படும். அபாயத்தைக் கேட்பாரின்றி விடுதல் மன்னிக்கத்தக்கதன்று என்ற அறத்தை ஒரு பொறிக்குள் எழுதிவைத்தனர். மற்றையது, 2024இல் வந்த லாரவெல் 11ஆம் பதிப்பில், கேட்குநரை ஒவ்வொன்றாகக் கைப்பட எழுதவேண்டியதில்லை. அவை வைக்கப்படும் கோவைகளைச் சட்டகமே துருவித் தேடிப் பட்டியலிற் சேர்த்துக்கொள்ளும். கேட்குநரைக் கண்டறியும் கடமை சட்டகத்தினது. ஒரு பொறிக்கு வகுத்த இவ்விதிகளை ஓர் அரசுக்கு வகுக்க இயலாதா?

ஆகவே நாம் கோருவன மூன்று. ஊவாவின் அபாயப் பகுதியிலுள்ள ஒவ்வொரு லயத்துக்கும் பெயர் குறித்த இருவரேனும் எச்சரிக்கை பெறுவோராக நேரடியாகப் பதியப்படல் வேண்டும். தோட்ட அலுவலகத்தின் தயவில் அச்செய்தி தங்கியிருத்தலாகாது. அது தமிழில் வருதல் வேண்டும். சிவப்பு எச்சரிக்கைக்கு லயத்திலிருந்து “கிடைத்தது” என்ற மறுமொழி வராதவிடத்து, எச்சரிக்கை விடுக்கப்படவில்லை என்றே கணக்கிட்டு, கிராம உத்தியோகத்தரோ பொலிசாரோ நேரிற் செல்லுதல் வேண்டும். மூன்றாவதாக, வெளியேறுவோர் சென்றடையும் இடம் மழைக்கு முன்னரே குறிக்கப்பட்டு, நிரந்தர ஆபத்துள்ள லயங்களின் மக்களுக்கு உரித்துடன் நிலம் வழங்கப்படல் வேண்டும். மூன்றாவது இல்லையேல் முதலிரண்டும் சடங்கே.

பல்கலைக்கழகத்தவராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. கணினி பயிலும் நண்பர்கள் மண்சரிவுச் செயலிகளை ஆக்கிப் பரிசில் பெறுகின்றனர். அச்செயலி பேசும் மொழி யாது, மின்சாரம் அற்ற இரவில் அது யாரை எழுப்பும் என்று அவர்களிடம் வினவுவோர் நம்மிடையே மிகச் சிலர். தமிழ் பயில்வோர் எச்சரிக்கைச் சொற்களைத் தோட்டத்தார் வழங்கும் மொழியில் ஆக்கித் தரலாம். புவியியல் பயில்வோர் லயங்களை வரைபடத்தில் குறிக்கலாம். விடுமுறைக்குப் பதுளைப் புகைவண்டியேறும் மாணவர் எத்தனை பேர் நம்முள் இருக்கின்றனர்! தத்தம் தோட்டத்தின் பட்டியலை அவர்களே தொடங்கலாம்.

அடுத்த மழை வரும். அதன்பின் எவரேனும் எழுந்து “சொன்னோம்” என்பாராயின், அவரை அவ்வளவில் அமரவிடலாகாது. யாரிடம் சொன்னீர், எம்மொழியிற் சொன்னீர், எங்கே போகச் சொன்னீர் என்று கேட்போம். விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டேயிருப்போம்.