மூன்றாவது சாமான்

போன் ஒன்றும் லாப்டாப் ஒன்றும் இருக்கும்போது டாப்லெட் என்று மூன்றாவது சாமான் எதற்கு என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். நடுத்தரக் குடும்பத்துக்குள் எந்தப் பொருள் மூன்றாவதாக வந்தாலும் இப்படிக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பதிலுக்குக் காத்திராமல், "வெறும் டாம்பீகம்!" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

2010 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை மேடையில் காட்டியபோது, அவரே இந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார். நடுவில் ஒன்று வர வேண்டுமானால், சில காரியங்களையாவது அது மற்ற இரண்டையும்விட நன்றாகச் செய்ய வேண்டும் என்றார். அன்று அவருடைய போனின் திரை 3.5 அங்குலம், ஐபேடின் திரை 9.7 அங்குலம். இன்றோ போனே 7 அங்குலத்தை எட்டப் பார்க்கிறது. சினிமாப் பார்க்கவும் கடிதம் படிக்கவும் அது போதும். அந்த வழக்கில் டாப்லெட்டுக்குத் தோல்விதான், வாஸ்தவம்.

தமிழ் வாசகனுக்கு வேறொரு வழக்கு இருக்கிறது. நம்முடைய பழைய புத்தகங்களும் பத்திரிகைகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன, பக்கம் பக்கமாகப் படம் பிடித்த நகல்களாக. படத்தில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. பெரிதாக்கினால் பக்கமே பெரிதாகும். போனில் ஒரு வரியை முடிக்க வலப்பக்கம் இழுக்க வேண்டும், அடுத்த வரியைப் பிடிக்க இடப்பக்கம் ஓட வேண்டும். கதாநாயகி வலப்பக்கத்தில் கண்ணீர் விட்டுக்கொண்டிருப்பாள். நான் இடப்பக்கத்தில் வரியைத் தேடிக்கொண்டிருப்பேன். இந்த லட்சணத்தில் சோகம் எங்கே உண்டாகும்?

லாப்டாப்பிலோ திரை படுத்திருக்கிறது, பக்கம் நிற்கிறது. பாதிதான் தெரியும். அதை ரயிலின் மேல் பர்த்தில் மார்பின் மேல் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்! டாப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் பக்கம் பக்கமாகவே தெரிகிறது. (ஒல்லியாக நீண்ட ரகங்களை நான் சொல்லவில்லை.)

இது சௌகரியத்தைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல. அந்தப் புத்தகங்களில் பல மறுபதிப்பே காணாதவை. நகல் ஒன்றுதான் அவற்றுக்குக் கதி. கண் வலிக்கிறதென்று நாலாவது பக்கத்தில் மூடிவிட்டால், எழுதியவனை வாசலோடு திருப்பி அனுப்பியதாகத்தான் அர்த்தம்.

காரியத்தைக் கெடுப்பவர்கள் விற்கிறவர்கள். 2020-இல் பெரிய ஐபேடுக்கென்று வந்த விசைப்பலகையை மாட்டினால், இரண்டும் சேர்ந்து அதே கம்பெனியின் மெல்லிய லாப்டாப்பைவிடக் கனம்! அப்படியானால் லாப்டாப்பையே தூக்கிப் போகலாமே?

மூன்றையும் பையில் திணித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதப் போகிற நாளில் லாப்டாப் வரட்டும். படிக்கப் போகிற நாளில் டாப்லெட் வரட்டும். போன் எப்படியும் கூடவே வரும். அதைத் தடுக்க யாரால் முடியும்? புதிதாக வாங்கவும் அவசரம் வேண்டாம். பிள்ளைகள் அலுத்துப்போய் அலமாரியில் போட்டு வைத்த பழையது ஒன்று இருந்தால், முதலில் அதற்குச் சார்ஜ் போட்டுப் பாருங்கள்.