ரயில் தாமதமும் நஷ்டஈடும்

ஒரு மனிதன் டிக்கெட்டு வாங்காமல் ரயிலில் ஏறிவிட்டால் அவனை என்ன செய்கின்றார்கள் என்பது யாவருக்கும் தெரிந்ததேயாகும். பரிசோதகர் வந்து, பிரயாணக் கட்டணத்தோடு 250 ரூபாய்க்குக் குறையாத தண்டமும் வசூலிக்கிறார். கையில் பணமில்லை என்றால் அவன் மாஜிஸ்டிரேட்டு முன்பு நிறுத்தப்படுகிறான். "பிள்ளைக்குக் காய்ச்சல், அவசரத்தில் டிக்கெட்டு வாங்க நேரமில்லை" என்று சொன்னால் கேட்பார் கிடையாது. இது சரியென்றே வைத்துக் கொள்வோம். ஓசிப் பிரயாணம் செய்கின்றவர்களுக்காக நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால், அதே மனிதன் பணம் கொடுத்து டிக்கெட்டு வாங்கிக் கொண்டு பிளாட்பாரத்தில் நிற்கும்போது, வரவேண்டிய ரயில் ஒரு மணி நேரம் கழித்து வந்தாலோ அல்லது வராமலே ரத்தாகிப் போனாலோ, ரயில்வேக்காரர்கள் அவனுக்குக் கொடுக்கும் தண்டம் என்ன? "அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்" என்கின்ற ஒலிபெருக்கிச் சத்தம் ஒன்றுதான். அதுவும் மனிதர் யாரும் வருந்திச் சொல்லுவதல்ல. முன்னமே பதிவு செய்து வைத்த குரலை யந்திரம் திருப்பித் திருப்பிச் சொல்லுவதேயாகும்.

டிக்கெட்டு என்பது என்ன? அது கோயில் பிரசாதமா? அல்லது யாரோ தயவு பண்ணிக் கொடுக்கும் இனாமா? இரண்டும் அல்லவே. "இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்கு இன்ன நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றோம், அதற்கு இன்ன தொகை கொடு" என்று ஒருவர் கேட்டு, மற்றவர் கொடுத்ததற்கு அடையாளமான சீட்டாகும். நேரம் சொல்லித்தான் இந்த வியாபாரம் நடக்கின்றது. நேரம் ஒரு பொருட்டல்ல என்றால் கால அட்டவணை எதற்கு? ஒரு படி அரிசிக்குப் பணம் வாங்கிக் கொண்டு முக்கால் படி அளக்கும் கடைக்காரனை நாம் சும்மா விடுகின்றோமா? குறைந்த கால் படியை அளந்து போடு, அல்லது கால் படிக்குரிய காசைத் திருப்பிக் கொடு என்றுதானே கேட்கின்றோம்? அப்படிக் கேட்பதை யாரும் பிச்சை என்று சொல்லுவதில்லை. ரயில் பிரயாணி கேட்கும் நஷ்டஈடும் அதுபோன்றதேயொழிய வேறல்ல.

ஆனால் நம் மக்களில் பலருக்கு இந்த எண்ணமே தோன்றுவதில்லை. ரயில் தவறினால் "இன்று யார் முகத்தில் விழித்தோமோ" என்று சலித்துக் கொள்ளுகின்றார்கள்; "எல்லாம் நம் தலையெழுத்து" என்று சொல்லிக் கொண்டு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து விடுகின்றார்கள். தோழர்களே! ரயில் தாமதத்திற்குக் காரணம் யார் முகத்திலும் இல்லை, யார் தலையிலும் எழுதியிருக்கவுமில்லை. சிக்னல் பழுது, தண்டவாள வேலை, ஓட்டுநர் பற்றாக்குறை, ஒரே பாதையில் அளவுக்கு மிஞ்சிய வண்டிகள் என்பன போன்று கண்டுபிடிக்கக் கூடிய காரணமே எதற்கும் உண்டு. காரணம் கண்டுபிடிக்கக் கூடியதானால் அதற்கு ஜவாப்தாரியும் ஒருவர் இருந்தே தீரவேண்டும். தலைவிதி என்று நாம் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்த ஜவாப்தாரியைத் தப்பவிடுகின்றோம் என்பதை அறிய வேண்டும்.

இனி, மற்ற இடத்துப் பிரயாணிகள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். ரயிலை உலகுக்குக் கொடுத்த பிரிட்டனில் 2018-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி ஒரு புதிய கால அட்டவணை அமுலுக்கு வந்தது. வடபகுதியில் மின்சாரப் பாதை வேலை குறித்த காலத்தில் முடியவில்லை. அதனால் அட்டவணை கடைசி நேரத்தில் மாற்றப்பட்டது. புதிய பாதைகளில் ஓட்டுவதற்கு ஓட்டுநர்களுக்குப் போதிய பயிற்சியும் கொடுக்கப்படவில்லை. பலன் என்னவாயிற்று? நார்தர்ன், கோவியா தேம்ஸ்லிங்க் என்ற இரண்டு கம்பெனிகளிலும் சேர்ந்து, நிலைமை மோசமாயிருந்த நாட்களில் தினம் 780 ரயில்கள் வரையில் ரத்தாயின. வேலைக்குப் போகிறவர்கள் வேலையிழக்கும் நிலைக்கு வந்தார்கள். பிறகு நடந்த விசாரணையில், கம்பெனிகள், தண்டவாள நிர்வாகம், சர்க்கார் இலாகா ஆகிய எல்லோர் மீதும் குற்றமிருந்ததாகவும், பொறுப்பேற்று நடத்த ஒருவரும் முன்வரவில்லை என்றும் தெரியவந்தது.

அந்நாட்டுப் பிரயாணிகள் இதைத் தலைவிதி என்று விட்டுவிடவில்லை. சங்கம் கூடினார்கள், பார்லிமெண்டு அங்கத்தினர்களை உலுக்கினார்கள், கணக்கு வைத்துக் கொண்டு பணத்தைக் கேட்டார்கள். அங்கு ஏற்கெனவே அமுலிலிருந்த ஏற்பாட்டின்படி, காரணம் எதுவாயிருந்தாலும், அரை மணி தாமதத்திற்கு ஒருவழிக் கட்டணத்தில் பாதியும், ஒரு மணிக்கு முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். பல கம்பெனிகளில் கால் மணி தாமதத்திற்கே கால் பாகம் உண்டு. அதற்கு மேலும், அதிகமாகப் பாதிக்கப்பட்ட சீசன் டிக்கெட்டுக்காரர்களுக்கு நான்கு வாரக் கட்டணம் வரையில் கொடுக்கும்படியாயிற்று. பிரயாணிகளுக்குச் சரியான தகவல் கொடுக்கத் தவறியதற்காக தேம்ஸ்லிங்க் கம்பெனிக்கு 2019-ல் 50 லட்சம் பவுன் அபராதம் விழுந்தது. நார்தர்ன் ரயில்கள் 2020 மார்ச்சு முதல் தேதி கம்பெனியிடமிருந்து பிடுங்கப்பட்டு சர்க்கார் வசம் வந்தன.

ஆனால் அங்கும் ஒரு சூழ்ச்சி உண்டு. பணம் தானாக வருவதில்லை. மனுப் போட வேண்டும். 2018-ல் எடுத்த கணக்கின்படி, நஷ்டஈட்டுக்குப் பாத்தியதையுள்ளவர்களில் பாதிப்பேர்கூட மனுப் போடவில்லை. ஏன்? நேரமில்லை, விவரம் தெரியாது, சிறு தொகைதானே என்ற அலுப்பு. இந்த அலுப்பே கம்பெனிக்கு லாபம். கேட்டால்தான் கொடுப்பது என்ற விதி படித்தவனுக்கும் சாவகாசமுள்ளவனுக்கும் சாதகமானது. பாடுபட்டுக் களைத்தவனுக்குப் பாதகமானது.

இது நிற்க, நம் நாட்டு யோக்கியதையைக் கவனிப்போம். 2016-ல் ஒரு குடும்பம் ஆஜ்மீரிலிருந்து ஜம்முவுக்குப் போகும் ரயிலில் சென்றது. ரயில் நான்கு மணி நேரம் தாமதமாய்ப் போய்ச் சேர்ந்ததால், ஸ்ரீநகருக்குப் போகவிருந்த விமானம் தவறி, டாக்சிக்கு 15,000 ரூபாய் கொடுக்க நேர்ந்தது. வழக்கு வந்தபோது ரயில்வேக்காரர்கள், "ரயில் தாமதத்திற்கு நாங்கள் பாத்தியப்பட்டவர்களல்ல என்று எங்கள் விதியிலேயே இருக்கிறது" என்று வாதாடினார்கள். தன் குற்றத்திற்குத் தண்டனையில்லை என்று தானே ஒரு விதி எழுதி வைத்துக் கொள்வதானால் ஜெயிலில் ஒருவர்கூட இருக்க மாட்டார்களல்லவா? சுப்ரீம் கோர்ட்டு 2021 செப்டம்பர் 6-ந் தேதி இந்த வாதத்தைத் தள்ளிவிட்டு, தாமதம் தங்கள் சக்திக்கு மீறிய காரணத்தால் வந்தது என்று ரயில்வே ருஜுப்படுத்தாவிட்டால் நஷ்டஈடு கொடுத்தே ஆகவேண்டுமென்று தீர்ப்புச் சொல்லிற்று. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் நான்கு மணி நேரத் தாமதத்திற்கு ஐந்து வருஷ வழக்கு! வக்கீலை அமர்த்தி டெல்லி வரையில் போக ஒரு தினக்கூலிக்காரனால் முடியுமா?

மற்றபடி உள்ள விதி என்னவென்றால், முன்பதிவு செய்த ரயில் மூன்று மணி நேரத்திற்கு மேல் தாமதமானால், பிரயாணி ஏறாமலே திரும்பிவிடச் சம்மதித்து, ரயில் புறப்படுமுன் மனுப் போட்டால் கட்டணம் கிடைக்கும். அதாவது காத்திருந்து ஏறிப் போகின்றவனுக்கு ஒன்றுமில்லை. ஐ.ஆர்.சி.டி.சி. என்னும் சர்க்கார் கம்பெனி 2019-ல் டெல்லி–லக்னோ தேஜஸ் ரயிலைத் தொடங்கியபோது, ஒரு மணிக்கு மேல் தாமதமானால் 100 ரூபாயும் இரண்டு மணிக்கு மேலானால் 250 ரூபாயும் கொடுப்பதாகச் சொல்லி, கொடுத்தும் வந்தது. ஆகவே கொடுக்க முடியாதென்பது பொய். குளிர்ச்சிப் பெட்டியில் போகின்றவரின் நேரத்துக்கு விலையுண்டு. அரக்கோணத்திலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் சென்னைக்குக் கதவோரம் தொங்கிக் கொண்டு வரும் தொழிலாளியின் நேரத்துக்கு விலையில்லை என்றால், ரயிலுக்குள்ளும் ஒரு மேல்ஜாதி, கீழ்ஜாதி இருக்கின்றதா என்று கேட்கின்றோம். 2024-ல் அந்தத் தேஜஸ் ஏற்பாட்டையும் நிறுத்திவிட்டார்கள். கீழே உள்ளவனுக்கும் கொடுத்துச் சமமாக்குவதற்குப் பதில், மேலே உள்ளவனுக்கும் இல்லையென்று சமமாக்கி விட்டார்கள் போலும்!

சீசன் டிக்கெட்டுக்காரன் நிலைமைதான் எல்லாவற்றிலும் பரிதாபமானது. அவன் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்தவன். அவனுடைய ரயில் மூன்று மணி தாமதமாக வேண்டியதில்லை. நாற்பது நிமிஷம் போதும். ஆலையில் அரை நாள் சம்பளம் போய்விடும். வீட்டுவேலை செய்யும் பெண் எஜமானியிடம் வசவு வாங்குவாள். பரீட்சைக்குப் போகும் பையன் வாசலில் தடுக்கப்படுவான். இவர்களுக்கு இந்நாட்டில் ஒரு காசுகூடத் திரும்பக் கிடைக்க வழியில்லை.

இதற்கு இரண்டு ஆட்சேபணைகள் சொல்லப்படுவதுண்டு. ஒன்று, ரயில்வே பொதுச்சொத்தாதலால் நஷ்டஈடும் பொதுப்பணத்திலிருந்துதானே போகவேண்டும் என்பது. போகட்டுமே! ஏழையின் அரை நாள் கூலி போகும்போது கணக்கில் தெரிவதில்லை. நிர்வாகத்தின் பணம் போனால்தான் வருஷக் கணக்கில் தெரியும். தெரிந்தால்தான் கோளாறு திருத்தப்படும். மற்றொன்று, தண்டம் போட்டால் வேகமாய் ஓட்டி விபத்து வருமென்பது. இது கவனிக்க வேண்டியதுதான். ஜப்பானில் அமகசாகி என்ற இடத்தில் 2005 ஏப்ரல் 25-ந் தேதி, சுமார் ஒன்றரை நிமிஷத் தாமதத்தை ஈடுசெய்ய ஒரு ஓட்டுநர் வளைவில் வேகமாய் ஓட்டி, ரயில் தடம்புரண்டு, அவரோடு 107 பேர் மாண்டார்கள். தாமதித்த ஓட்டுநர்களை அவமானப்படுத்தித் தண்டித்து வந்த நிர்வாகமே அந்தப் பயத்தை உண்டாக்கியது. ஆகவே தண்டம் ஓட்டுநர் தலையிலோ, கார்டு தலையிலோ விழக்கூடாது. நிர்வாகத்தின் பெட்டியிலிருந்துதான் வரவேண்டும். பிரயாணியும் ரயில்வேத் தொழிலாளியும் ஒருவருக்கொருவர் விரோதிகளல்லர்.

ஆதலால் நாம் கேட்பது இவ்வளவுதான். புயல், வெள்ளம் போன்றவை நீங்கலாக, அரை மணிக்கு மேற்பட்ட தாமதத்திற்கும் ரத்துக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு எல்லா வகுப்பாருக்கும் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும். சீசன் டிக்கெட்டுக்காரருக்கு அது மனுவில்லாமலே அடுத்த சீசனில் கழிக்கப்பட வேண்டும். எந்த ரயில் எப்போது வந்தது என்ற கணக்கு நிர்வாகத்திடமே இருக்கிறது. ஒவ்வொரு தாமதத்திற்கும் உண்மைக் காரணம் ஸ்டேஷனில் எழுதிப் போடப்பட வேண்டும்.

இவை தாமாக வந்துவிடா. ஆகையால் தினப் பிரயாணிகள் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சங்கமாகக் கூடி, தாமதமான ரயிலையும் தேதியையும் நிமிஷத்தையும் குறித்து வைத்து, மாதந்தோறும் எழுத்து மூலம் பதில் கேட்க வேண்டுமென்று வேண்டிக் கொள்ளுகின்றோம். பதில் வராவிட்டால் நுகர்வோர் கோர்ட்டுக்குத் தனித்தனியாய்ப் போகாமல் சேர்ந்து போக வேண்டும். டிக்கெட்டில்லாதவனிடம் 250 ரூபாய் கேட்க ரயில்வேக்காரர் வெட்கப்படுவதில்லை. டிக்கெட்டு வாங்கியவன் தன் பணத்தைத் திருப்பிக் கேட்க எதற்காக வெட்கப்பட வேண்டும்?