ரவுட்டருக்கும் ஒரு கொல்லைப்புறக் கதவு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவரிடம் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர் என்று கேளுங்கள். ஒன்று என்பார். இரண்டு என்பதே சரி. இணைய இணைப்புக்காகச் சுவரில் மாட்டியிருக்கும் ரவுட்டரும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதற்குள் பிராசஸர் உண்டு, ராம் மெமரி உண்டு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஃபிளாஷ் மெமரி உண்டு. பெரும்பாலானவற்றில் ஓடுவது லினக்ஸ். மானிட்டரும் கீ போர்டும்தான் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்கவும் உள்ளே ஒரு வழி இருக்கிறது. பல ரவுட்டர்களின் சர்க்யூட் போர்டில் மூன்று அல்லது நான்கு சிறு துளைகளோ பின்களோ ஒரே வரிசையில் இருக்கும். இதுதான் சீரியல் கன்சோல். இதில் உங்கள் கம்ப்யூட்டரை இணைத்தால், ரவுட்டர் பூட் ஆகும்போது தான் செய்வதையெல்லாம் வரி வரியாக எழுதிக் காட்டும். நீங்கள் டைப் செய்யும் கட்டளையையும் கேட்கும்.

நான் பிள்ளைப்பாக்கத்தில் இத்தகைய பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதும் வேலையில் இருக்கிறேன். எங்கள் வட்டாரத்துக்கு இது புதிய தொழில் அல்ல. பக்கத்து ஒரகடத்தில் 2008 முதலே நோக்கியாவின் டெலிகாம் கருவித் தொழிற்சாலை இயங்குகிறது. போர்டு தயாரானதும் ஸ்பிரிங் வைத்த ஊசிகள் அதன்மேல் இறங்கும். அவற்றில் சில இந்தக் கன்சோலைத் தொடும். போர்டு முதலில் வாய் திறப்பது அப்போதுதான். சோதனைகள் முடிந்ததும் மேக் முகவரியையும் சீரியல் எண்ணையும் எழுதிவிடுவோம். பிறகு மூடி போட்டு ஸ்க்ரூவை இறுக்கினால், அந்தக் கதவு இருப்பதே வாங்குபவருக்குத் தெரியாது. விளக்கப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. தொழிற்சாலைக்குத் திறக்கும் கதவு, காசு கொடுத்து வாங்கியவருக்கு ஏன் திறக்கக்கூடாது? என் புகார் இதுதான்.

இதனால் நஷ்டம் யாருக்கு? சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கார அம்மா ஒரு ரவுட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, லைட்டு எரியுது, நெட்டு வரலியே. கடையில புதுசு வாங்கச் சொல்றாங்க" என்றார். ஃபர்ம்வேர் அப்டேட் நடுவே கரண்ட் போயிருக்கிறது. வாரண்டி முடிந்ததால் சர்வீஸ் சென்டரிலும் கைவிரித்துவிட்டார்கள். கன்சோலில் இணைத்துப் பார்த்தால் உள்ளே உயிர் இருந்தது. ரவுட்டரை எழுப்பிவிடும் யு-பூட் என்ற சிறு புரோகிராம், ஃபிளாஷ் மெமரியில் தனிப் பகுதியில் இருக்கிறது. பாதியில் நின்ற அப்டேட் அதைத் தொடவில்லை. பூட் ஆகும் முதல் சில வினாடிகளில் ஒரு கீயைத் தட்டி அதை நிறுத்தி, நெட்வொர்க் கேபிள் வழியாக ஃபர்ம்வேரை மறுபடி அனுப்பினேன். அரை மணி நேர வேலை. குப்பைக்குப் போக வேண்டியது இன்றும் ஓடுகிறது.

இதற்கு வேண்டியது ஒரு யு.எஸ்.பி. டி.டி.எல். கேபிள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். விண்டோஸ் எக்ஸ்பி வரை இதற்கான ஹைப்பர் டெர்மினல் கூடவே வந்தது, விஸ்டாவில் எடுத்துவிட்டார்கள். இப்போது புட்டி என்ற இலவச புரோகிராம் போதும். வேகம் பெரும்பாலும் 115200. திரையில் கண்டபடி எழுத்துகள் வந்தால் வேகம் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான ரவுட்டர்களின் கன்சோல் 3.3 வோல்ட் சங்கதி. பழைய கம்ப்யூட்டரின் 9 பின் சீரியல் போர்ட்டை நேரடியாகக் கொடுத்தால் போர்டு போய்விடும். கிரவுண்டைக் கிரவுண்டோடும், ஒன்றின் டி.எக்ஸை மற்றதன் ஆர்.எக்ஸோடும் குறுக்காக இணைக்க வேண்டும். வி.சி.சி. பின்னைத் தொடவே வேண்டாம். இணைய நிறுவனம் இரவலாகக் கொடுத்த பெட்டி என்றால் திறக்காதீர்கள், அது உங்களுடையதல்ல.

"பாதுகாப்புக்காகத்தான் சொல்வதில்லை" என்பார்கள் தயாரிப்பாளர்கள். கொஞ்சம் உண்மைதான். கன்சோலைப் பிடித்தவர் வைஃபை பாஸ்வேர்டை எடுத்துவிடலாம். ஆனால் அதற்கு அவர் உங்கள் வீட்டுக்குள் வந்து ஸ்க்ரூ கழற்ற வேண்டுமே! 2016ல் உலகெங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் வளைத்துப்போட்ட மிராய் வைரஸ் இந்த வழியாக வரவில்லை. டெல்நெட் என்ற நெட்வொர்க் வாசலில், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகளைச் சொல்லியே உள்ளே நுழைந்தது. வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கொல்லைக்குப் பூட்டுப் போடுவது என்ன காவல்?

செய்ய முடியாததும் அல்ல. 2024ல் வெளியான ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் ரவுட்டரில் சீரியல் கன்சோலை யு.எஸ்.பி. சி போர்ட்டாக வெளியிலேயே வைத்தார்கள். சாதாரண கேபிள் போதும், ஸ்க்ரூ டிரைவருக்கு வேலையே இல்லை. நம் நாட்டிலும் 2022ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, அந்த டிசம்பரிலேயே ஓர் இணையதளமும் தொடங்கியது. செல்போன், வாகனம், வீட்டு உபயோகப் பொருள், விவசாயக் கருவி என்று நான்கு பிரிவுகளை எடுத்துக்கொண்டார்கள். நெட்வொர்க் கருவிகளுக்கெனத் தனிப் பிரிவு இல்லை. போர்டில் பின்களின் பெயரை அச்சிடவும், புத்தகத்தில் ஒரு பக்கம் சேர்க்கவும் அப்படி என்ன செலவாகிவிடும்?

அதுவரை, ரவுட்டர் வாங்கும் முன் மாடல் பெயரை ஓப்பன்டபிள்யூஆர்டி தளத்தின் பட்டியலில் தேடிப் பாருங்கள். பல மாடல்களுக்கு எந்தப் பின் எது என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள்.