ஒளிக்கு எத்தனை பெயர்?

ஆங்கில பாஷையில் ஒளியைப் பற்றிய சொற்கள் அநேகம். கிளிட்டர், கிளிம்மர், கிளீம், குளோ, ஸ்பார்க்கிள், ட்விங்கிள், பிளாஷ் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பள்ளிப் பிள்ளைகளிடம் இவற்றைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னால் எல்லாவற்றுக்கும் ஒரே விடைதான் வருகிறது: "பிரகாசித்தது." நட்சத்திரமும் பிரகாசித்தது, அடுப்புத் தணலும் பிரகாசித்தது, மின்னலும் பிரகாசித்துவிட்டுப் போயிற்று! ஏன் இப்படி என்று கேட்டால், "தமிழில் வேறு வார்த்தை இல்லையே!" என்று பெரியவர்களே கையை விரித்து விடுகிறார்கள்.

இந்தத் தீர்ப்பை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. அப்பீலுக்கு வெகு தூரம் போக வேண்டாம். வீட்டிலுள்ள பாட்டியிடம் போனால் போதும். பாட்டியின் வைரத் தோடு பிரகாசிப்பதில்லை, டாலடிக்கிறது. புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடம் பளபளக்கிறது. பொன் தகதகக்கிறது. எண்ணெய் தேய்த்த குழந்தையின் மேனி மினுமினுக்கிறது. நீறு பூத்த தணல் உள்ளே கனன்று கொண்டிருக்கிறது. எண்ணெய் வற்றிய அகல் மினுக் மினுக்கென்று எரிகிறது. மின்னல் பளீரென்கிறது. நட்சத்திரம் கண் சிமிட்டுகிறது. குளோ என்பது கனல்வது. ஸ்பார்க்கிள் என்பது டாலடிப்பது. கிளிம்மர் என்பது அந்த மினுக் மினுக். பாட்டி ஆங்கிலம் படித்ததில்லை. ஆனால் வித்தியாசம் தெரியாதவள் அல்ல.

இன்னொரு வேடிக்கையையும் கவனிக்கலாம். ஆங்கிலத்தில் இத்தகைய சொற்களில் பல 'கி-ள' என்ற கூட்டொலியில் தொடங்குகின்றன. பழைய ஜெர்மானிய வேர்களிலிருந்து வந்த ஒரே குடும்பம் அது. தமிழிலோ 'மி' என்ற எழுத்தின் கீழ் ஒரு குடும்பமே குடியிருக்கிறது: மின்னல், மின்மினி, மினுக்கு, மிளிர்தல். வானத்தில் மின்னுவதை நம் முன்னோர் மீன் என்றே அழைத்தார்கள். 'ப' வீட்டில் பளிச், பளீர், பளபளப்பு ஆகியவை வசிக்கின்றன. நொடியில் தோன்றுவதற்குப் பளிச். கண்ணைத் தாக்குவதற்குப் பளீர். நீடித்து நிற்பதற்குப் பளபளப்பு. அளந்து வைத்தாற்போல் இருக்கிறதல்லவா? 'ஒளி' என்ற சொல்லே விந்தையானது. பெயராக நின்றால் வெளிச்சம். வினையாக நின்றால் மறைந்து கொள்வது!

எங்கள் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வந்தவர்களுக்கு இந்த இரண்டு பொருளும் ஒரே இடத்தில் விளங்கும். குன்றைக் குடைந்த சந்நிதியில் பாடலாத்ரி நரசிம்மர் எழுந்தருளியிருக்கிறார். அவருக்கு நெற்றியில் மூன்றாவது கண் உண்டு; திருநாமம் அதை மறைத்திருக்கும். அர்ச்சகர் திருநாமத்தைச் சற்றே உயர்த்திக் கற்பூர ஆரத்தி காட்டும்போது, ஒளிந்திருந்த கண் ஒளியில் தெரிகிறது. அந்தக் கணத்தைப் 'பிரகாசித்தது' என்று எழுதினால் ஒன்றும் எழுதினதாகாது. கற்பூரச் சுடர் அசைகிறது; கருங்கல் மினுங்குகிறது; கண் பளிச்சென்று தெரிந்து மறைகிறது. மூன்று காரியங்களுக்கு மூன்று சொற்கள் வேண்டும்.

"எந்தச் சொல்லாயிருந்தால் என்ன? பொருள் விளங்கினால் சரி" என்பார் சிலர். அவர்களை மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தடிக்கு அழைத்துப் போக விரும்புகிறோம். மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே பாறை உச்சியில் இருக்கும் பல்லவர் கோயிலின் தலையில்தான் ஒரு காலத்தில் கப்பல்களுக்கு விளக்கேற்றினார்கள். பிறகு அருகிலேயே தனிக் கோபுரம் எழுந்தது. மாலுமியின் வரைபடத்தில் வெறுமனே 'வெளிச்சம்' என்று போட்டிருக்காது. இருள் நீண்டு ஒளி குறுகினால் அது பிளாஷிங். ஒளி நீண்டு இருள் குறுகினால் ஆக்கல்டிங். இரண்டும் சமமானால் ஐஸோபேஸ். எத்தனை விநாடிக்கு ஒரு முறை என்ற கணக்கும் உண்டு. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் வேறு கரையை இந்தக் கரையென்று நம்பிப் பாறையில் மோத நேரும். அங்கே சொல் வித்தியாசம் உயிர் வித்தியாசம்.

ஆங்கிலச் சொற்களும் குற்றமற்றவை என்று எண்ண வேண்டாம். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவு அலைகள் நீலமாய் ஒளிர்ந்தன. 2023 அக்டோபரில் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் மறுபடி அந்தக் காட்சியைக் கண்டார்கள். நாக்டிலூகா என்ற ஓரணு உயிர்கள் அலையில் அலைக்கழிக்கப்படும்போது தம் உடலிலுள்ள ரசாயனத்தால் எழுப்பும் ஒளி அது. இதை ஆங்கிலத்தில் நெடுங்காலம் 'பாஸ்பரஸன்ஸ்' என்றே சொல்லி வந்தார்கள். அதில் பாஸ்பரஸும் இல்லை. ஒளியை வாங்கி வைத்திருந்து பின்னர் மெல்ல வெளியிடும் குணமும் இல்லை. பாஸ்பரஸ் இருளில் ஒளிர்வதும்கூடக் காற்றோடு சேரும் ரசாயனச் செயலால்தான்! தமிழில் 'உயிரொளிர்வு' என்கிறோம். காரியத்தைச் சரியாகச் சொல்கிற சொல்.

பிழையான பெயர் எவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்து வைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கல்கத்தாவில் ஸர் சி. வி. ராமனுடைய ஆராய்ச்சிக்கூடத்தில் 1923-ல் கே. ஆர். ராமநாதன் ஊதா ஒளியைத் திரவங்களில் செலுத்திப் பார்த்தார். சிதறி வந்த ஒளியில் வேறு நிறமும் சிறிது கலந்திருந்தது. அதற்கு 'மெல்லிய புளோரஸன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். சில பொருள்கள் ஒளியை உட்கொண்டு வேறு நிறத்தில் உடனே உமிழ்வதற்கு ஸ்டோக்ஸ் 1852-ல் இட்ட பெயர் அது. திரவத்தில் அழுக்கு இருக்குமோ என்று திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தும் அந்த ஒளி போகவில்லை. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. ஐந்து வருஷம் கழிந்தது.

1928-ன் தொடக்கத்தில் வெங்கடேசுவரன் சுத்தமான கிளிஸரினில் பச்சை ஒளியைக் கண்டார். அதன் அதிர்வு பெரும்பாலும் ஒரே தளத்தில் இருந்தது. புளோரஸன்ஸில் பொதுவாக அப்படி இராது. ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் பல திரவங்களில் அதையே சோதித்தார்கள். பழைய பெயர் உதிர்ந்தது. பிப்ரவரி 28-ந் தேதி புதிய உண்மை வெளிப்பட்டது. 1930-ல் நோபல் பரிசு வந்தது. கண்கள் முன்னமே கண்டுவிட்டன. சரியான பெயர் வருவதற்குத்தான் அவ்வளவு காலம் பிடித்தது.

ஆகையால் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்ச் சொற்கள் அகராதியில் செத்துக் கிடக்கவில்லை. சமையலறையிலும் கோயிலிலும் கடற்கரையிலும் உயிரோடு இருக்கின்றன. நம் குழந்தைகள் அவற்றைக் கேளாமலே வளர்வதுதான் ஆபத்து. இந்த வாரம் ஒரு நாள் அந்தி நேரத்தில் மின்விளக்கை அணைத்துவிட்டு ஓர் அகலை ஏற்றுங்கள். திரியில் சுடர் பிடிப்பதையும், காற்றில் ஆடுவதையும், அருகிலுள்ள செம்புப் பாத்திரம் அதை வாங்கிக்கொள்வதையும், அணைந்த பிறகு திரிமுனை கனல்வதையும் குழந்தைகளே சொல்லட்டும். ஒரே நிபந்தனை: 'பிரகாசித்தது' என்ற வார்த்தைக்கு அன்றைக்கு விடுமுறை.