மறுப்பதற்கும் விலை உண்டு

'இந்த உணவு எங்களுக்கு வேண்டாம்' என்று ஒரு நாடு சொல்ல முடியுமா? முடியும், கையில் பணம் இருந்தால். மாட்டிறைச்சி வழக்கு சொல்வது இதைத்தான்.

வளர்ச்சி ஹார்மோன் செலுத்தி வளர்த்த மாடுகளின் இறைச்சியை ஐரோப்பா 1989 ஜனவரி முதல் தடுத்து நிறுத்தியது. மக்களின் உடல்நலம்தான் காரணம் என்றது. தீங்குக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டன அமெரிக்காவும் கனடாவும். ஆபத்தை முறையாக ஆராயாமல் போட்ட தடை செல்லாது என்று 1998இல் உலக வர்த்தக அமைப்பு தீர்ப்பளித்தது. ஐரோப்பா மசியவில்லை. தண்டனையாக, ஆண்டுக்கு 11.68 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருட்கள் மீது 1999இல் அமெரிக்கா 100 சதவீத வரி போட்டது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அடிபட்டவற்றில் ஒன்று பிரான்ஸின் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி. அது செம்மறியாட்டுப் பாலில் செய்வது. மாட்டிறைச்சிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கொதித்துப்போன விவசாயிகள் அந்த ஆகஸ்டில் ஜோசே போவே தலைமையில், மீயோ நகரில் கட்டப்பட்டுவந்த மெக்டொனால்ட்ஸ் உணவகத்தைப் பிரித்துப் போட்டார்கள். போவே சிறைக்குப் போனார். 2009இல் சமரசம் வந்தது: ஹார்மோன் செலுத்தாத மாட்டின் இறைச்சிக்கு மட்டும் சுங்க வரியில்லாமல் இடம் கொடுத்தது ஐரோப்பா. தடை இன்றும் நீடிக்கிறது.

அதே 1999இல், அதே மன்றத்தில் இந்தியாவும் தோற்றது. வழக்கு வேறு: அந்நியச் செலாவணி நெருக்கடியைச் சொல்லி நாம் வைத்திருந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகள். தொடுத்தது அதே அமெரிக்கா. 2001 ஏப்ரலில் கடைசி 715 பொருட்களுக்கும் கதவைத் திறந்துவிட்டோம். ஆண்டுதோறும் தண்டம் கட்டிக்கொண்டு 'மாட்டேன்' என்று நிற்க நம்மால் முடிந்திருக்குமா? விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அதை மீறும் வசதிதான் ஒன்றல்ல.