வீராங்கனையும் வீண் சாக்கும்

ஸ்திரீயைத் தலைமைப் பாத்திரமாக்கினால் ஜனங்கள் கொட்டகைக்கு வரமாட்டார்கள் என்பது படமுதலாளிகள் நெடுநாளாகச் சொல்லிவரும் சாக்கு. 2025 ஆகஸ்டில் வெளிவந்த ‘லோகா’ என்னும் மலையாளப் படம் அதைப் பொடியாக்கிவிட்டது. அதில் அமாநுஷ்ய சக்தியுடன் துஷ்டரை எதிர்ப்பவள் சந்திரா என்னும் பெண்; அவளாக நடித்தவர் கல்யாணி பிரியதர்ஷன். கள்ளியங்காட்டு நீலியை யக்ஷியென்று அஞ்சிய ஜனங்களே, அவளை ரக்ஷகியாகத் திரையில் கண்டு கரகோஷம் செய்தனர். உலகெங்கும் 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாயிற்று.

இது புதுமையுமன்று. 1935-ல் பம்பாயில் நாடியா சவுக்கேந்தி நடித்த ‘ஹண்டர்வாலி’யைக் காணவும் ஜனங்கள் திரண்டனர். ஆகவே குறை ரஸிகரிடத்தில் இல்லை. பணம் போடுவோரின் துணிவில்தான் இருக்கிறது.

இதே சாக்கு நம் இல்லங்களிலும் வழங்குகிறது. மகள் வெளியூர் சென்று படிக்கவோ, உத்தியோகம் பார்க்கவோ விரும்பினால், “ஊரார் ஒப்பமாட்டார்கள்” என்கிறோம். பாரதியார் நமது புதுவையில் வாழ்ந்தபோதுதான், 1912-ல், ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற்பாகத்தை வெளியிட்டார். சபை நடுவே நியாயம் கேட்ட பெண்ணைப் போற்றிய ஊரில் இப்பேச்சு தகுமா?

ஊரார் ஒப்பமாட்டார்களாம்! கொட்டகையில் சந்திராவுக்குக் கைதட்டியவர்கள் யார்? அந்த ஊராரேயன்றோ!